இதமி கழன்ற காது

காலை உணவு முடிந்து முதல் வகுப்புக்கு மணி அடிப்பதற்குள் விடுதிச் சேவைச் சன்னலில் எப்படியும் ஐந்தாறு பேர் வந்து நின்றுவிடுவார்கள். சன்னலுக்கு உட்பக்கம் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டு, குழாய் என்றால் குழாய்க்காரருக்கும் சாப்பாடு என்றால் மெஸ்ஸுக்கும் தட்டிவிடுவது வடிவின் வேலை. அவள் மூன்றாம் ஆண்டு மாணவி. பச்சைமலை உறைவிடக் கல்லூரியின் பெண்கள் விடுதிக்கு அந்த ஆண்டுச் செயலாளர்.

"மேல்மாடிக் குளியலறையில தண்ணி வரல. முடிஞ்சப்ப பாக்கச் சொல்றியா வடிவு?"

"சொல்றேன்."

"சலவைக்குப் போட்ட துணியில என்னோடது மாறி வந்திருக்கு போல. பரவாயில்ல, மெதுவாக் கேட்டாப் போதும்."

"கேக்கறேன்."

"இட்லி இன்னிக்குக் கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு."

இட்லியைப் பற்றிச் சொன்னவள் சொல்லும்போதே சன்னல் கட்டையில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கித் தட்டினாள். வடிவு தலை நிமிரவில்லை. பேசுகிறவரின் முகத்தையும் கையையும் உற்றுப் பார்ப்பது நாகரிகமில்லை என்பது பள்ளியிலேயே படிந்துபோன பழக்கம். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் பொருந்தாவிட்டால் தலைசுற்றத்தான் செய்யும். அதனால் காதை நம்பு, கண்ணைத் தாழ்த்திக்கொள் என்று ஒன்றாம் வகுப்பு டீச்சரே சொல்லிக்கொடுத்திருந்தார்.

காதில் இருந்தது இதமி. பொறியியல் படிக்கிறவர்கள் டோன் ஃபில்டர் என்பார்கள். பட்டாணி அளவுதான் இருக்கும். வெளிச் சத்தத்தை அடைத்துவிட்டு, பேசுகிறவரின் குரலிலேயே, அவர் சொல்லவந்த சேதியை மட்டும் நயமாக்கிக் காதில் போடும். வசவு வராது, கத்தல் வராது, குத்தல் வராது. எழுதி அனுப்பும் செய்தியும் விடுதியிலிருந்து வெளியே பேசும் அழைப்பும்கூட அதே சல்லடையில் சலித்துத்தான் போகும். தன் பேச்சு அடுத்தவர் காதில் எப்படிப் போய் விழுகிறது என்பது பேசுகிறவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

உறைவிடக் கல்வி நிலையங்களுக்குள் இதமி கட்டாயம் என்று சட்டம் வந்தது வடிவு பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். வெளியே அது அவரவர் விருப்பம் என்றாலும், அவள் பள்ளிக்குப் போகும்போது அங்கும் எல்லார் காதிலும் இருந்தது. வேடிக்கைக்காக வந்த சட்டம் இல்லை அது. விடுதி அறைகளில் நடந்த சில காரியங்கள், அறைக்குள் சொன்ன ஒரு சொல்லில் தொடங்கி அரிவாள்வரை போனவை, சட்டமன்றத்தில் பேசப்பட்ட பிறகு வந்தது. வடிவின் அம்மாவும் அதற்கு முந்தைய காலத்தில் ஒரு விடுதியில் தங்கிப் படித்தவள்தான். மெஸ்ஸில் தட்டு எடுக்கப் போன இடத்தில் ஒருத்தி அம்மாவை ஒரு சாதிச் சொல்லால் கூப்பிட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா இரண்டாம் ஆண்டோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு தாராபுரத்துக்கு வந்துவிட்டாள். வடிவுக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க இதமி கட்டாயம்தான கண்ணு?" என்பது.

கட்டாயம்தான். அதனால் வடிவு இந்த மலைமேல் நிம்மதியாகப் படித்தாள். இருநூறு பேர் உள்ள கல்லூரியில் சண்டை என்ற ஒன்றை அவள் கண்டதில்லை. பழுது பார்ப்பதில் மட்டும் ஒரு மந்தம் இருந்தது உண்மை. எல்லாரும் "முடிஞ்சப்ப" என்றே கேட்டார்கள். வேலையாட்களும் முடிந்தபோதுதான் வந்தார்கள். மேல்மாடிக் குழாய் போன மாதத்திலிருந்து வறண்டு கிடந்தது.

வடிவின் அறைத்தோழி ஜெசிந்தா. தூத்துக்குடிக் கடற்கரையில் விசைப்படகுக்காரர் வீட்டுப் பெண். கடல் உயிரியல் படித்தாள். முதல் ஆண்டிலிருந்தே இருவரும் ஒரே அறை. வடிவுக்குத் தெரிந்த ஜெசிந்தா அமைதியான பெண். "விளக்கை அணைச்சிடலாமா?", "என் துண்டை எடுத்திருக்க போல", "கொஞ்சம் நகந்துக்கறியா?" என்று எதையும் தணிவாகத்தான் சொல்வாள். இப்படி ஒருத்தி அறைத்தோழியாகக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று வடிவு அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஊருக்குப் போகும்போது அம்மா முறுக்குச் சுட்டு ஜெசிந்தாவுக்கென்று தனிப் பொட்டலம் கட்டித் தருவாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை வகுப்புக்குக் கிளம்பும்போது ஜெசிந்தா கட்டிலை விட்டு எழவில்லை.

"வயிறு கொஞ்சம் சரியில்ல," என்றாள்.

"மெஸ்ல நேத்துப் போட்ட சென்னாவா இருக்கும். வெந்நீர் குடி," என்றாள் வடிவு.

செவ்வாய்க்கிழமையும் அதே பேச்சு. "இன்னும் கொஞ்சம் இருக்கு. டாக்டரைப் பாக்கலாமான்னு தோணுது." கல்லூரி மருத்துவ அறைக்கு டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார். தோணுது என்கிறவளை அவசரப்படுத்துவானேன் என்று வடிவு விட்டுவிட்டாள். மெஸ்ஸில் சொல்லி மோர் வாங்கி வந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, சேவைச் சன்னலுக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை மதியம் அறைக்கு வந்தபோது மோர் அப்படியே இருந்தது. ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பி முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கிடந்தாள்.

"எப்படி இருக்கு?"

"வலி கொஞ்சம் கூடியிருக்கு. யாரையாவது கூப்பிட்டா நல்லது."

வடிவு தொலைமருத்துவத்துக்கு அழைப்புப் போட்டுச் சுவர்ப் பெட்டியில் பேசவிட்டாள். எங்கோ சமவெளியில் உட்கார்ந்திருந்த பெண் டாக்டர் நிதானமாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா? வாந்தி உண்டா? ஜெசிந்தா சொன்ன பதில்கள் எல்லாம் லேசாக, கொஞ்சமாக என்றே வந்தன.

"சரிம்மா. வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்னு சொல்லு பாப்போம். ஒண்ணுன்னா ஒண்ணுமே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாது."

"நாலு இருக்கும்," என்றது ஜெசிந்தாவின் குரல்.

"நாலுதான? பயப்பட ஒண்ணும் இல்ல. மாத்திரை சொல்றேன், மருத்துவ அறையில வாங்கிக்கோ. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்டக் காட்டிடு."

மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டே வடிவு தண்ணீர்க் குவளையை எடுக்கக் கட்டிலருகே குனிந்தாள். ஜெசிந்தா இந்தப் பக்கம் புரண்டிருந்தாள். அவள் கைகள் இரண்டும் வடிவின் முகத்துக்கு நேராக இருந்தன. பத்து விரல்களும் விரிந்திருந்தன.

வடிவு கண்ணைத் தாழ்த்தவில்லை. முதல்முறையாக அறைத்தோழியின் வாயைப் பார்த்தாள். அந்த வாய் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. காதில், ஒரே சீரான குரலில், "நாலு. நாலு இருக்கும்," என்று விழுந்துகொண்டிருந்தது.

நாலு என்று சொல்வதற்கு உதடு ஒட்ட வேண்டியதில்லை.

வடிவு தன் காதுக்குள் விரலை விட்டு இதமியைப் பிடுங்கினாள்.

முதலில் வந்தது ஊளை. அதை மனுஷக் குரல் என்று புரிந்துகொள்ளவே அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு அதற்குள் இருந்த சொற்கள் தனித்தனியாகப் பிரிந்தன.

"பத்துட்டி! பத்து, பத்து, பத்து! ஏட்டி, உன் காது அவிஞ்சா போச்சு? மூணு நாளாத் தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேன், வயிறு கிழியுதுன்னு! நீ மோரக் கொண்டாந்து வச்சிட்டுப் போற! நீயெல்லாம் மனுசியா, மரக்கட்டையா? செத்தாக்கூடச் சிரிச்சிக்கிட்டே வந்து பாப்பியாட்டி?"

இருபது வயதுவரை வடிவைப் பார்த்து யாரும் இப்படிக் கத்தியது கிடையாது. வீட்டில் அம்மா அதட்டியது உண்டு, அது வேறு. இந்தக் குரல் அவள் உடம்பிலேயே கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. ஓடிப்போய்விட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஜெசிந்தாவின் நெற்றியெல்லாம் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. மூன்று நாளாக இதே முகம்தான் எதிரே கிடந்திருக்கிறது, தான்தான் பார்க்கவில்லை.

"டாக்டர், நாலு இல்லீங்க, பத்து!" என்று சுவர்ப் பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆமாம்மா, நாலுதான், குறிச்சுக்கிட்டேன்," என்றார் டாக்டர். அழைப்பு முடிந்தது.

வடிவு ஓடினாள். விடுதிக் காப்பாளர் ஹமீதா மேடத்தின் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. மேடம் நல்லவர். வந்த புதிதில் வீட்டை நினைத்து அழும் பெண்களுக்குத் தன் அறையில் டீ போட்டுக் கொடுப்பவர். அப்போதும் டீக் கோப்பையோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஜெசிந்தா செத்துப்போயிருவாளுங்க மேடம்! வண்டியை எடுங்க, இப்பவே எடுங்க!"

ஹமீதா மேடம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மென்மையாகத் தலையாட்டினார். "உடம்பு சரியில்லயா? பாவம். தானோடி வண்டி சாயங்காலம் காலியாத்தான் இருக்கு. அனுப்பி வைக்கறேன்மா."

"சாயங்காலம் இல்லீங்க மேடம், இப்ப! வயிறு கிழியுதுன்னு கதறுறா!"

"சரிம்மா. சொல்லிட்ட இல்ல, நான் பாத்துக்கறேன்."

தன் கத்தலும் அதே சல்லடையில்தான் விழுகிறது என்பது அப்போதுதான் வடிவுக்கு உறைத்தது. எவ்வளவு உரக்கக் கத்தினாலும் இந்த மேசையைத் தாண்டும்போது அது பணிவாகிவிடும். இனி எந்தச் சொல்லைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேசையைச் சுற்றிப் போய், மேடத்தின் காதிலிருந்த இதமியைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள்.

அடுத்தவர் இதமியில் கை வைப்பது கன்னத்தில் அறைவதைவிடப் பெரிய குற்றம். மேடம் அறை வாங்கியவர் போலவே காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். மாடியில் இருந்து அந்தக் கதறல் இறங்கி வந்துகொண்டிருந்தது. தாழ்வாரத்தில் பெண்கள் தங்களுக்குள் பேசியபடி, சிரித்தபடி, ஒன்றும் நடவாததுபோல் அந்தச் சத்தத்தின் நடுவே நடந்து போனார்கள்.

"யா அல்லாஹ்," என்றார் மேடம். "எவ்வளவு நேரமா?"

"மூணு நாளுங்க மேடம்."

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் தானோடியை உடனே வாசலுக்கு வரவழைத்தார். வடிவும் அவருமாக ஜெசிந்தாவைப் போர்வையோடு தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஜெசிந்தா தன் அப்பாவைக் கூப்பிட்டாள், மாதாவைக் கூப்பிட்டாள், நடுவில் வடிவைத் திட்டினாள். வடிவு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே போனாள். திட்டு நின்றபோதுதான் பயமாக இருந்தது.

அடிவார மருத்துவமனையில் உடம்பின் உட்புறத்தைப் படமெடுக்கும் துலக்கிக்குள் படுக்கவைத்த உடனேயே தெரிந்துவிட்டது. குடல்வால் வெடித்து, சீழ் வயிற்றுக்குள் பரவியிருந்தது. நேரே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வந்த மருத்துவர், சாயங்காலம்வரை விட்டிருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார். ஹமீதா மேடம் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வடிவுக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. தள்ளுவண்டிச் சக்கரம், குழந்தை அழுகை, யாரோ யாரையோ ஒருமையில் அதட்டுவது எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன.

மறுநாளே கல்லூரியில் விசாரணைக் குழு கூடியது. ஒலிச்சேவைப் பொறியாளர் துரைக்கண்ணு வந்து விளக்கினார். பழுது எதுவும் இல்லை, இதமி செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது என்றார். ஒவ்வொருவர் பேச்சுக்கும் ஒரு வழக்கமான அளவு உண்டு. அதற்குச் சமன்நிலை என்று பெயர். அதற்கு மேல் போகும் எதையும் சமன்நிலைக்கு இறக்குவதே இதமியின் வேலை.

"அந்தப் பொண்ணு பசிச்சா 'உயிர் போகுது'ம்பா. வெயில் அடிச்சா 'செத்தேன்'ம்பா. கரண்டு போனா 'கொல பண்றாங்க'ம்பா. அவங்க ஊர்ப் பேச்சு அப்படி. ரெண்டு வருஷமா அதைக் கேட்டுக் கேட்டு இதமி அவ பேச்சை எவ்வளவு இறக்கணும்னு கத்துக்கிட்டிருக்கு. அவ பத்துன்னா அது நாலுன்னு எடுத்துக்கிச்சு."

"எண்ணையுமா மாத்தும்?" என்று கேட்டார் முதல்வர்.

"எண்ணும் மிகைச்சொல்தானே சார். 'நூறு தடவை சொன்னேன்'னா நாம நூறுன்னா எடுத்துக்கறோம்?"

மருத்துவ அறைக்குள் இதமி வேலை செய்யாது என்று விதி இருந்தது. அறையில் கிடந்தபடி மருத்துவரை அழைக்கிறவருக்கு அந்த விதி பொருந்துமா என்று யாரும் யோசித்திருக்கவில்லை. குழு அந்த ஓட்டையை அடைத்தது. உடல்நலம் பற்றிய பேச்சையும் எண்களையும் இதமி இனித் தொடாது. இருவருக்கும் சம்மதம் என்றால் அறைத்தோழிகள் தங்கள் அறைக்குள் இதமி இல்லாமல் இருக்கலாம் என்றும் ஒரு புது விதி வந்தது. திறந்த அறை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். காப்பாளரின் இதமியைப் பிடுங்கியதற்காக வடிவின் செயலாளர் பதவி போனது.

ஹமீதா மேடம் அவளைத் தனியே கூப்பிட்டார். "நீ பண்ணினது தப்புன்னுதான் நான் எழுதணும். எழுதிட்டேன். எழுதும்போது கை கூசிச்சு. அதையும் உங்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சு," என்றார். "இந்த ரெண்டு நாளா சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கழட்டி வச்சிட்டு உக்காந்திருக்கேன். எம்புருஷன் என்னென்னமோ சொல்றார். எல்லாமே புதுசா இருக்கு." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று வடிவுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் இன்னும் அவளுக்குக் கைவரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் பேருந்தில் வடிவு மருத்துவமனைக்குப் போனாள். ஜெசிந்தா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த அவள் அம்மா வடிவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க மக்கா, நான் ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வந்திருதேன்," என்று வெளியே போனார்.

இருவர் காதிலும் ஒன்றும் இல்லை.

"உன் குரலு அப்படியேதாம்ட்டி இருக்கு," என்றாள் ஜெசிந்தா. "நீ நெசமாவே இப்படித்தான் பேசுவியா?"

"நீதான் வேற ஆளா இருக்கற."

ஜெசிந்தா சிரித்தாள். தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காத, உயிரு போவுது. இல்ல இல்ல, போகல. சும்மா சொல்லுதேன். இனிமே நான் எதையும் பாத்துத்தான் சொல்லணும் போல."

"மலையில இருந்து இறங்கறவரைக்கும் எத்தனை திட்டுத் திட்டினன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் ஒரு திட்டா? ரெண்டு வருசமா நான் உங்கூடப் போட்ட சண்டை எத்தனன்னு தெரியுமா? துண்டு எடுத்ததுக்குச் சண்டை, நீ காலங்காத்தால பாத்திரத்த உருட்டுறதுக்குச் சண்டை. உனக்கு எதாச்சும் காதுல விழுந்துச்சா?"

"ஒண்ணுமே விழல," என்றாள் வடிவு. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "துண்டை எடுத்திருக்க போலன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான்."

"நான் சொன்னத இப்பச் சொன்னா நர்சம்மா என்ன வெளிய தள்ளிருவாங்க." ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் எவ்வளவு கத்துனாலும் நீ சிரிச்சிக்கிட்டு நிப்ப. ஏசுனாத் திருப்பித் திட்டணும், இல்லாட்டி அழணும். இவ என்ன கல்லான்னு நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, கல்லு இல்ல, பெரிய மனசுன்னு. அன்னைக்கு அந்தச் சொல்லக் கேட்டுட்டும் நீ சிரிச்ச பாரு, அதுல இருந்துதான் நான் உன்ன..."

நிறுத்திக்கொண்டாள்.

"எந்தச் சொல்லு?" என்றாள் வடிவு.

ஜெசிந்தாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. முகத்தைப் படிக்கத் தெரியாத வடிவுக்கும் அது தெரிந்தது.

"எந்தச் சொல்லு ஜெசி?"

"உனக்கு அதும் கேக்கலையா? குரலத்தான் தணிக்கும், சொல்லு வந்து சேரும்னுல்லா நெனச்சேன்." ஜெசிந்தாவின் குரல் மிகவும் தணிந்து வந்தது. இரண்டு ஆண்டுகளாக வடிவின் காதில் விழுந்த அதே அளவுக்குத் தணிந்திருந்தது. "விட்டுருட்டி. நடந்து முடிஞ்சது."

"சொல்லு."

"முதல் வருசம். இஸ்திரி ரூம்ல. நான் வரிசையில நிக்கேன், நீ வந்து பெட்டிய எடுத்துட்ட. எனக்கு ஏதோ கோவம், வீட்டுல இருந்து கொண்டுவந்த கோவம். வாயில வந்துட்டு. உங்க ஆளுகளச் சொல்லுற அந்தச் சொல்லு. அதத் திருப்பி எங்கிட்டச் சொல்லச் சொல்லாத வடிவு, நான் மாட்டேன்."

வடிவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. இஸ்திரி அறையின் சூடு, சட்டை மணம். 'எனக்குக் கொஞ்சம் முதல்ல வேணும்' என்று புதிதாக அறிமுகமான அறைத்தோழி தயங்கிக் கேட்டது போல இருந்தது.

"நான் என்ன பண்ணினேன்?"

"சிரிச்ச. 'சரி, நீ முதல்ல பண்ணிக்கோ'ன்னு பெட்டிய எங்கையில குடுத்துட்டு நின்ன. எனக்கு அன்னைக்குப் பூராச் சோறு இறங்கல. இப்படிச் சொன்னவ கையில சிரிச்சிக்கிட்டு எடுத்துக் குடுக்காளேன்னு நெஞ்சு அடிச்சிக்கிச்சு. மறுநா கோயில்ல போய்ச் சாமியார்ட்ட ஒத்துக்கிட்டேன். அவர்கூட, அந்தப் பிள்ள மன்னிச்சிட்டான்னா நீ கொடுத்து வச்சவன்னாரு. அதுக்கப்புறம் அந்தச் சொல்ல என் வாயில மட்டுமில்ல, நெனப்புலயும் வரவிடல வடிவு. மாதா மேல சத்தியம். எங்க வீட்டுல யாராச்சும் சொன்னாலும் சண்டைக்குப் போவேன். நீ மன்னிச்சதாலதான..."

"நான் மன்னிக்கல."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குக் கேக்கவே இல்ல. கேக்காததை எப்படி மன்னிப்பேன்?" வடிவு எழுந்துவிட்டாள். கோபத்தை எப்படிக் குரலாக வெளியே விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலில் காற்றாக வந்தது, பிறகு உடைந்து வந்தது, பிறகு பெரிதாக வந்தது. "அந்த ஒரு சொல்லுக்காக எங்கம்மா படிப்பை விட்டாங்க, தெரியுமா உனக்கு? பாதியில விட்டுட்டுத் திரும்பி வந்தவங்க, இன்னிக்கு வரைக்கும் நாலு பேர் சாப்பிடற எடத்துல தட்டு எடுக்க முன்னால போக மாட்டாங்க! அவங்க கையால சுட்ட முறுக்க நீ தின்ன! தனியாப் பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க உனக்கு! எப்படித் தின்ன? எப்படிடீ தின்ன?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தா காதைப் பொத்தவில்லை, தலையைக் குனியவும் இல்லை. கன்னத்தில் தண்ணீர் வழிய வடிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ மன்னிச்சிட்டன்னு நெனச்சித் தின்னேன்," என்றாள்.

"உனக்கு அது முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கு இப்பத்தான் நடந்திருக்கு. இந்த நிமிஷம்தான் நீ சொல்லியிருக்க. இன்னிக்கே சிரின்னா என்னால ஆகாது."

"சிரிக்க வேண்டாம்ட்டி."

வடிவு பையை எடுத்துக்கொண்டு வார்டு வாசல்வரை போய்விட்டாள். இந்த ஒன்றைத்தான் அம்மா பயந்தாள். இந்த ஒன்றிலிருந்துதான் இதமி அவளைக் காத்தது. காத்தது உண்மை. அன்றைக்கு அது காதில் விழுந்திருந்தால் அவளும் பெட்டியைக் கட்டியிருப்பாள். அதே சல்லடைதான் மூன்று நாள் கதறலையும் பிடித்துவைத்துக்கொண்டது. இரண்டையும் ஒன்றாக நினைக்க அவளால் முடியவில்லை.

சத்தம் கேட்டு வந்த நர்ஸ் வாசலிலேயே அவளை மறித்தார். "ஆஸ்பத்திரில இப்படியா கத்துவாங்க? பேஷண்டோட ஆளுதான நீ? மணி ஆச்சு, அந்தப் பொண்ணை எழுப்பி நடக்க விடணும். படுத்தே கிடந்தாக் குடல் ஒட்டிக்கும். அவங்கம்மா எங்க?"

"காப்பி குடிக்கப் போயிருக்காங்க."

"அப்ப நீ பிடி. தாழ்வாரத்துல அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டு வா."

வடிவு நின்றாள். கட்டிலில் ஜெசிந்தா யாரையும் கேட்காமல் தானே எழ முயன்றாள். ஒரு காலைக் கீழே ஊன்றியதும் வலியில் உதட்டைக் கடித்தாள். சத்தம் போடவில்லை. வடிவு திரும்பி வந்தாள். பையைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"பிடி. கோவம் போகல. கையை மட்டும் பிடி."

இருவரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள். ஜெசிந்தாவின் எடை முழுக்க வடிவின் தோளில் இருந்தது. பாதித் தூரத்தில் ஒரு தூண் அருகே ஜெசிந்தா மூச்சு வாங்க நின்றாள்.

"திறந்த ரூமுக்கு உன் பேரத்தான் குடுக்கணும்னு இருந்தேன். வேற யாரையாச்சும் கேக்கட்டா?"

"பேசாம நட. அதை நான் யோசிக்கணும்."

"நாளைக்கு வருவியா?"

"வருவேன். வந்து திட்டுவேன். இன்னும் நெறைய இருக்கு."

"திட்டு," என்றாள் ஜெசிந்தா. "எனக்குக் கேக்கும்."